காபிக் கடை எஸ்பிரஸோ மெஷின் எப்படி வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை தொடங்கப் போகிறவர்கள், பரிஸ்டா (கடையில் காபி போடுபவர்) வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், மெஷினைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படும் இன்ஜினியரிங் மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்பதற்கு இங்கே பதில் கிடைக்காது. உள்ளே நடப்பது புரிந்துவிட்டால் அதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கடை மெஷினுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வீட்டு மெஷின் பெட்டியிலும் 15 பார் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன வித்தியாசம்?

பார் என்பது அழுத்தத்தின் அளவு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அழுத்தம் உண்டாக்குவது சுலபம். கைக்குள் அடங்குகிற அதிர்வு பம்ப் ஒன்றே அந்த 15 பாரைத் தந்துவிடும். கஷ்டமெல்லாம் சூட்டில்தான் இருக்கிறது.

எஸ்பிரஸோ என்பது அழுத்தத்தில் வெந்நீரைக் காபித் தூளுக்குள் செலுத்திப் போடும் காபி. அதற்குத் தூள் மேல் விழும் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் 93 என்று முடிவு செய்தால், காலை ஏழு மணிக்குப் போடும் முதல் கப்புக்கும் அதே 93, பத்து பேர் வரிசையில் நிற்கும்போது போடும் பத்தாவது கப்புக்கும் அதே 93. இரண்டு டிகிரி இறங்கினால் புளிப்பு தூக்கும், இரண்டு டிகிரி ஏறினால் கசப்பு நாக்கில் நிற்கும். வீட்டு மெஷின் ஒரு கப் போட்டுவிட்டு மூச்சு வாங்கலாம். கடை மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குள் இருக்கும் கிலோக்கணக்கான பித்தளை, லிட்டர் கணக்கான வெந்நீர், இரண்டு மூன்று பாய்லர்கள் எல்லாமே அந்த ஒரு எண் அசையாமல் இருப்பதற்காக. இரண்டு குரூப் (வெந்நீர் தூள் மேல் இறங்கும் தலைப்பகுதி) உள்ள மெஷினைத் தூக்க ஏன் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

நீராவிதானே காபியைத் தள்ளுகிறது?

ஆரம்பத்தில் அப்படித்தான். டூரின் நகரத்து ஏஞ்சலோ மொரியோண்டோ 1884-இல் நீராவி அழுத்தத்தைப் பயன்படுத்திக் காபி வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது மொத்தமாக வடிப்பது. ஒவ்வொரு கப்பாக, கேட்டவுடன் போட்டுத் தரும் மெஷினுக்கு மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டெசிடேரியோ பவோனி அந்த உரிமையை வாங்கி 1905 முதல் விற்பனைக்குத் தயாரித்தார்.

அந்தத் தலைமுறை மெஷின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல். அழுத்தம் கூட வேண்டுமானால் பாய்லரை இன்னும் சூடாக்க வேண்டும். ஒன்றரை பார் வருவதற்குள்ளேயே உள்ளே இருக்கும் தண்ணீர் 127 டிகிரியைத் தொட்டுவிடும். கூட்டினால் காபி தீய்ந்துபோகும், குறைத்தால் இறங்காது.

சூட்டையும் அழுத்தத்தையும் பிரித்தவர் மிலானின் அச்சீலே கஜ்ஜியா. 1938-இல் முதல் காப்புரிமை. உலகப் போர் முடிந்த பிறகு, 1940-களின் கடைசியில், லீவர் மெஷின் கடைகளுக்கு வந்தது. கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். விட்டால் அந்த ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் வெந்நீரை எட்டு, ஒன்பது பார் அழுத்தத்தில் தூளுக்குள் இறக்கும். 'நீராவி இல்லாமல் இயங்குவது' என்று மெஷின் முகப்பிலேயே எழுதி வைத்தார்கள். கப்பின் மேல் பொன்னிற நுரை படிந்ததும் அந்த அழுத்தத்தால்தான்: வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு அழுத்தத்தில் தண்ணீரில் கரைந்து, வெளியே வந்ததும் நுண்குமிழாகப் பிரிகிறது.

1961-இல் ஃபாயெமா கம்பெனி ஈ61 மெஷினைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை வைத்து இட்ட பெயர் அது. பரிஸ்டாவின் தோள் செய்த வேலையை மோட்டார் பம்ப் எடுத்துக்கொண்டது. இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கடை மெஷின்கள் அதன் வாரிசுகள். நீராவி இப்போது பாலுக்கு மட்டுமே. தூள் பக்கம் அது போவதே இல்லை.

9 பார் என்றால் எவ்வளவு? ஏன் சரியாக 9?

கடை மெஷின்களில் தூள் போடும் கூடையின் வழக்கமான விட்டம் 58 மி.மீ. பரப்பு 26 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 9 கிலோவுக்குச் சற்று அதிகமான பளு. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 240 கிலோ. அதை முழுக்கத் தாங்குவது, கூடையை வைத்துக் குரூப்பில் பூட்டும் கைப்பிடியான போர்ட்டா ஃபில்டரின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதுகள். நூற்றுக்கணக்கான முறை தினமும் பூட்டித் திறக்கப்படும் அந்தக் காதுகளுக்காகத்தான் கனமான பித்தளை.

9 என்பது கஜ்ஜியாவின் ஸ்பிரிங் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஆனால் அதில் காரணமும் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் வேகமாக இறங்கும் என்று நினைப்போம். ஓரளவுக்கு மேல் தூள் தானே நெருங்கி இறுகிவிடும். அழுத்தம் ஏறினாலும் ஓட்டம் கூடாது, சில நேரம் குறையவும் செய்யும். சுமார் 9 பார் அந்தத் திருப்பத்துக்கு அருகில் இருக்கிறது. இன்று 6, 7 பாரில் நன்றாகக் காபி போடும் கடைகளும் உண்டு; 9-ஐ விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டனை அழுத்தியதிலிருந்து கப் நிறையும் வரை உள்ளே என்ன நடக்கிறது?

முப்பது வினாடிக் கதைதான், ஆனால் நெருங்கிப் பார்க்க வேண்டியது.

கன்ட்ரோல் போர்டு ஒரே நொடியில் இரண்டு வேலை செய்கிறது: பம்ப் மோட்டாரை ஓட்டுகிறது, குரூப்பின் மேலிருக்கும் மூவழி சொலினாய்டு வால்வை (மின்சாரத்தால் திறந்து மூடுவது)த் திறக்கிறது. தண்ணீர் முதலில், ஓடும் அளவை அளக்கும் ஃப்ளோமீட்டருக்குள் நுழைகிறது. அதில் ஒரு குட்டிச் சக்கரம், அதில் காந்தம். சக்கரம் சுற்றும்போது காந்தத்தை உணரும், வெளியே இருக்கும் ஹால் சென்சார் துடிப்புகளை எண்ணுகிறது; வழக்கமான மீட்டர்களில் ஒரு துடிப்பு ஏறக்குறைய அரை மி.லி. பாய்லருக்கு முன்னால், குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் அதை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சுடுநீரில் வைத்தால் உப்பு படிந்து சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும்.

தண்ணீர் சூடாகி குரூப்புக்கு வரும் வழியில் ஒரு ஊசித்துளை இருக்கிறது. விட்டம் 0.6 முதல் 0.8 மி.மீ. பம்ப் முழு வேகத்தில் அடித்தாலும் இந்தத் துளை வழியாகத் தண்ணீர் நிதானமாகத்தான் வர முடியும். தூளுக்கு மேல் இருக்கும் காலியிடம் நிரம்பி, தூள் நனைந்து உப்பி, பிறகுதான் அழுத்தம் 9-க்கு ஏறும். துளை இல்லையென்றால் முதல் அடியிலேயே தூள் பிளந்து, பிளவு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும்.

ஐந்தாறு வினாடி கழித்து முதல் சொட்டு. கருப்பாக, தேன் பதத்தில் இறங்கும். பிறகு பழுப்பு, பிறகு பொன்னிறம். துடிப்பு எண்ணிக்கை முடிந்ததும் போர்டு பம்பை நிறுத்தி வால்வை மூடுகிறது. மூடும்போதுதான் வால்வின் மூன்றாவது வழி திறக்கிறது: தூளுக்கு மேல் அடைபட்டிருக்கும் அழுத்தம் அந்த வழியாகக் கழிவுத் தட்டுக்குப் பாய்கிறது. 'புஸ்' என்று கேட்கிறதே, அது இதுதான். இந்த வழி இல்லையென்றால் போர்ட்டா ஃபில்டரைக் கழற்றியதும் சுடு தூள் கைமேல் தெறிக்கும். ஷாட் (ஒரு தடவை காபி இறக்குவது) முடிந்து 'புஸ்' கேட்கவில்லை, தூள் சேறாக நிற்கிறது என்றால் வால்வின் அந்த வழி காபி எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தூளே போடாத, துளை இல்லாத குருட்டுக் கூடையில் சுத்தம் செய்யும் பொடி போட்டுத் தினமும் இரவு அடிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஒரு பாய்லர், இரண்டு பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர்... எதுதான் நல்லது?

முதலில் முரண்பாட்டைப் பார்ப்போம். பாலைச் சூடாக்க நீராவி வேண்டும். அதற்குப் பாய்லர் 120 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். காபிக்கு 93 வேண்டும். ஒரே மெஷின், இரண்டு சூடு.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் இதற்குப் போட்ட குறுக்கு வழி அழகானது. பெரிய நீராவிப் பாய்லருக்கு நடுவே ஒரு செம்புக் குழாய் போகிறது. காபிக்கான புதுத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஓடும்போது சுற்றியுள்ள 123 டிகிரித் தண்ணீரிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு சரியாக 93-க்கு அருகில் வெளியே வர வேண்டும். குழாயின் நீளம், விட்டம், ஓட்டம் மூன்றையும் அதற்கேற்பக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாய்லர் தண்ணீரும் காபித் தண்ணீரும் கலப்பதே இல்லை. ஈ61-இல் இன்னொரு நுட்பமும் சேர்ந்தது: எக்ஸ்சேஞ்சரிலிருந்து குரூப்புக்கு ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், குரூப்பில் சூட்டை விட்டுக் குளிர்ந்தது கனமாகிக் கீழே வரும். பம்ப் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், நாள் முழுக்க இந்தச் சுழற்சி நடந்து நாலு கிலோ எடையுள்ள பித்தளைக் குரூப்பைச் சூடாகவே வைத்திருக்கும். அறுபது ஆண்டு தாண்டியும் இதைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறை என்னவென்றால், பத்து நிமிடம் யாரும் காபி கேட்கவில்லையென்றால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் வேண்டிய அளவைத் தாண்டிச் சூடாகிவிடும். அடுத்த ஷாட்டுக்கு முன் கொஞ்சம் தண்ணீரைத் திறந்து விட வேண்டும். கூட்டமான கடையில் இது தொந்தரவே இல்லை. அவ்வப்போது ஆள் வரும் கடையில்தான் காபி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

இதற்கு விடையாக ஃப்ளாரன்ஸின் லா மார்ஸோக்கோ கம்பெனி 1970-இல் ஜிஎஸ் மெஷினில் காபிக்கு ஒரு பாய்லர், நீராவிக்கு ஒரு பாய்லர் என்று பிரித்தது. குரூப்பைத் தனியாக வைக்காமல் காபிப் பாய்லரோடு ஒட்ட வைத்து, பாய்லர் தண்ணீரே குரூப்புக்குள் நிறைந்து நிற்கும்படி செய்தது. இடையில் ஆறிப்போகக் குழாயே இல்லை. அதற்கும் அடுத்த கட்டம், ஒவ்வொரு குரூப்புக்கும் தனித் தனிப் பாய்லர்: இடது குரூப்பில் ஒரு காபிக்கு 92, வலது குரூப்பில் இன்னொன்றுக்கு 95 என்று வைக்கலாம்.

என் கருத்து இது. ஒரே கலவை, நிறையப் பால் காபி, விடாத கூட்டம் என்றால் நல்ல ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின் போதும். பழுது பார்ப்பதும் சுலபம். லேசாக வறுத்த கொட்டை, பால் சேர்க்காத காபி, மாறி மாறி வரும் ரகங்கள் என்றால் பாய்லர்களைப் பிரித்த மெஷினுக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

பிஐடி என்று விளம்பரம் செய்கிறார்களே, அது என்ன?

பழைய மெஷின்களில் பாய்லர் சூட்டைக் காப்பது ஒரு அழுத்த சுவிட்ச். அழுத்தம் குறைந்தால் ஹீட்டரைப் போடும், ஏறினால் அணைக்கும். போடும் புள்ளிக்கும் அணைக்கும் புள்ளிக்கும் இடைவெளி இருப்பதால் சூடு ஊசலாடிக்கொண்டே இருக்கும். பிஐடி கன்ட்ரோலர் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறது: இப்போது எவ்வளவு விலகல், இதுவரை சேர்ந்த விலகல் எவ்வளவு, எந்த வேகத்தில் மாறுகிறது. அதற்கேற்ப ஹீட்டருக்கு நொடியின் பகுதிகளாக மின்சாரம் விடுகிறது. தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக இருந்ததுதான். 2000-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் எஸ்பிரஸோ விவாச்சே கடையின் டேவிட் ஷோமர் போன்றவர்கள் இதைக் காபி மெஷினுக்குள் கொண்டுவரப் போராடினார்கள். அதன் பிறகே கம்பெனிகள் தாங்களாக வைக்கத் தொடங்கின. காபிப் பாய்லரில் பிஐடி அவசியம். நீராவிப் பாய்லரில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

பால் அடிக்கும்போது மெஷின் திணறுகிறதே, ஏன்?

ஏனென்றால் மெஷினின் பெரும் உழைப்பு பாலுக்குத்தான் போகிறது. கணக்கைப் பாருங்கள். இரட்டை ஷாட்டுக்குத் தூள் உறிஞ்சுவதையும் சேர்த்து 60 மி.லி. தண்ணீர், 28-லிருந்து 93 டிகிரிக்குக் கொண்டுவர 16 கிலோஜூல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 200 மி.லி. பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவர 43 கிலோஜூல். அதையும் இருபது வினாடிக்குள் முடிக்க வேண்டும். அந்த இருபது வினாடியும் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் பாலுக்குள் இறங்குகிறது.

இவ்வளவும் ஹீட்டரிலிருந்து நேராக வருவதில்லை. 11 லிட்டர் பாய்லரில் 7 லிட்டர் தண்ணீர், மிச்சம் நீராவி. குழாயைத் திறந்ததும் அழுத்தம் 1.2-லிருந்து 1 பாருக்கு இறங்கினால், தண்ணீரின் கொதிநிலை மூன்று டிகிரி இறங்குகிறது. அந்த மூன்று டிகிரிச் சூடு உடனே 40 கிராம் நீராவியாக மாறுகிறது. ஒரு ஜாடிப் பாலுக்கு ஏறக்குறைய 18 கிராம் போதும். அதாவது ஹீட்டர் விழித்துக்கொள்வதற்குள் இரண்டு ஜாடிக்கான நீராவி தண்ணீருக்குள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. பெரிய பாய்லர் கேட்பது இந்தச் சேமிப்புக்காக. சின்னப் பாய்லர் மெஷினில் மூன்றாவது ஜாடிக்கு நீராவி சோர்ந்துபோய், நுரை பெரிய குமிழாக வந்தால் அது பரிஸ்டாவின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

அந்த 18 கிராம் நீராவி பாலுக்குள் தண்ணீராகச் சேருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பால் அடிப்பதற்கு முன் குழாயை ஒரு நொடி திறந்து, தேங்கிய நீரை வெளியே விடச் சொல்வது மேற்கொண்டு தண்ணீர் சேராமல் இருக்கத்தான்.

காலையில் ஆன் செய்ததும் சீறிக்கொண்டு நீராவி கசிகிறது. பழுதா?

இல்லை. பாய்லர் மேல் இருக்கும் சின்ன வால்வு காற்றை வெளியேற்றுகிறது. இரவு மெஷின் ஆறும்போது உள்ளே இருந்த நீராவி தண்ணீராகிவிடும், வெற்றிடம் உண்டாகும். இந்த வால்வு திறந்து காற்றை உள்ளே விடவில்லையென்றால் அந்த வெற்றிடம் நீராவிக் குழாய் வழியாக ஜாடியில் இருக்கும் பாலை உறிஞ்சிப் பாய்லருக்குள் கொண்டுபோய்விடும். பால் போன பாய்லரின் வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காலையில் சூடு ஏறும்போது அந்தக் காற்று வெளியேற வேண்டும். வெளியேறாமல் நின்றால் காற்று சூடாகி விரிந்தே அழுத்தமானி 1 பார் காட்டும், தண்ணீர் இன்னும் வேண்டிய சூட்டுக்கு வந்திருக்காது. ஆகவே சில நிமிடம் சீறிவிட்டு, 'டக்' என்று மூடிக்கொண்டால் எல்லாம் சரி. மூடவே இல்லை, நாள் முழுக்கக் கசிகிறது என்றால் வால்வின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

அழுத்தமானி சரியாகக் காட்டியதும் காபி போடத் தொடங்கிவிடாதீர்கள். குரூப்பின் பித்தளை முழுக்கச் சூடேற அரை மணி, முக்கால் மணி பிடிக்கும்.

பாய்லர் வெடிக்குமா?

பயப்பட வேண்டிய அளவுக்கு ஆற்றல் அதற்குள் இருக்கிறது. வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும் அழுத்தம்தான், ஆனால் ஏழு லிட்டர் தண்ணீரும் 123 டிகிரியில் நிற்கிறது. சுவர் கிழிந்தால் அதில் 300 கிராம் தண்ணீர் ஒரே நொடியில் அரைக் கன மீட்டர் நீராவியாக விரியும். அதனால்தான் காப்பு பல அடுக்குகளாக வைத்திருக்கிறார்கள். சூட்டைக் காக்கும் சுவிட்ச் அல்லது பிஐடி முதல் அடுக்கு. அது ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் மின்சாரத்தை வெட்டும் வெப்பத் துண்டிப்பான். இதைக் கையால்தான் மறுபடி அழுத்தி விட முடியும். அதுவும் தோற்றால் சுமார் 1.8 முதல் 2 பாரில் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு. காபிப் பக்கத்துக்குத் தனியாக 12 பார் அளவில் அழுத்தத்தை வெளியே விடும் ஒரு வால்வு உண்டு. ஐரோப்பாவில் விற்கும் மெஷின்களின் பாய்லர்கள் 2014/68 என்ற அழுத்தக் கருவி நெறிமுறைக்கு உட்பட்டவை.

பாதுகாப்பு வால்வு கசிகிறது என்று அதற்கு மூடி போடுகிறவர்களை, ஸ்பிரிங்கை இறுக்குகிறவர்களைப் பார்த்தால் அந்த இடத்திலேயே மெஷினை நிறுத்துங்கள். இதில் சமரசமே கூடாது. வால்வு கெட்டால் புது வால்வுதான்.

மோட்டார் பம்ப் எப்படி வேலை செய்கிறது? கேன் தண்ணீரில் ஓட்டலாமா?

கடை மெஷினில் இருப்பது சுழலும் இறக்கை பம்ப். மையம் விலகிச் சுழலும் ஒரு உருளை, அதில் கிராஃபைட் இறக்கைகள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று. தண்ணீரைக் குரூப் கேட்கும் அளவைவிடப் பல மடங்கு தள்ளும். மிச்சம் பம்பிலேயே இருக்கும் பைபாஸ் வால்வு வழியாகத் திரும்பிவிடும். அந்த வால்வின் திருகுதான் 9 பாரைத் தீர்மானிக்கிறது. வீட்டு மெஷினின் அதிர்வு பம்ப் வினாடிக்கு 50 தடவை பிஸ்டனை அடிப்பது. விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

20 லிட்டர் கேனில் குழாயைப் போட்டு ஓட்டும் கடைகள் நம் ஊரில் நிறைய. ஓடும். ஆனால் அந்த கிராஃபைட் இறக்கைகளுக்குத் தண்ணீரே உயவு. கேன் காலியானது தெரியாமல் பம்ப் வறண்டு ஓடினால் சீக்கிரமே தேய்ந்து போகும், மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேன் முறையில் போகிறவர்கள் மட்டம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலான நோய்க்கு வேர் தண்ணீர். மெஷின் வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்கு ஒதுக்காதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெஷினைச் சின்னதாக வாங்குங்கள், தண்ணீரைச் சரி செய்யுங்கள்.

கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. எங்கே அதிகச் சூடோ அங்கே அதிகம் படியும்: ஹீட்டர் காயில் மேல். அந்த வெள்ளைப் படிவின் வெப்பக் கடத்துத்திறன் செம்பினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காயிலின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே ஏறி, உறை வெடித்து, ஒரு நாள் ஈஎல்சிபி (மின்கசிவில் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) விழும். பாய்லரைத் திறந்தால் காயில் இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டிதான் தெரியும். 0.7 மி.மீ. ஊசித்துளைக்கு அந்தக் கட்டியிலிருந்து உதிரும் ஒரு துகளே போதும். குரூப்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் இருக்கும் மெஷினும், அதே ஊரில் போர் தண்ணீரை நம்பி ஓடும் மெஷினும் ஒரே மாடலாக இருந்தாலும் ஆயுள் ஒன்றாக இருக்காது.

சரி, ஆர்ஓ போட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். முழுக்க உப்பு நீக்கிய தண்ணீரால் வேறு இரண்டு சிக்கல். காபிக்குச் சுவை எடுபடாது. கொட்டையின் சாரத்தை இழுக்கக் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். இரண்டாவது, பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கம்பி தண்ணீர் வழியாக மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் மட்டத்தை அறிகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகக் கடக்காது. கம்பி மூழ்கியிருந்தாலும் போர்டு 'தண்ணீர் இல்லை' என்று நினைத்து நிரப்பிக்கொண்டே போகும். நீராவிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் பீய்ச்சும். இந்தப் புகார் வந்தால் நான் முதலில் போர்டைத் தொடுவதில்லை, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைத்தான் எடுக்கிறேன்.

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் இலக்கு லிட்டருக்கு 150 மி.கி. டிடிஎஸ், 75 முதல் 250 வரை ஏற்கலாம். ஆர்ஓ நீரோடு, ஆர்ஓ செய்யாமல் வடிகட்டிய நீரைக் கொஞ்சம் கலந்தோ, தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வைத்தோ அந்த எல்லைக்குள் வரலாம். கடலோர ஊர்க்காரர்கள் குளோரைடையும் சோதித்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டு மென்மையாக்கும் சாதனம் கால்சியத்தை எடுக்கும், குளோரைடை எடுக்காது. குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட ஊசி ஊசியாய் அரித்துத் துளைக்கும்.

ஊட்டியில் கடை. அதே மெஷின், அதே அமைப்பு, காபி மட்டும் வேறு மாதிரி. ஏன்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 0.77 பார்தான், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தமானியும் அழுத்த சுவிட்சும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கின்றன. ஆகவே 1.2 என்று முள் காட்டினாலும் சென்னையில் 123 டிகிரி இருக்கும் பாய்லர் அங்கே 120-க்கும் சற்றுக் குறைவாக இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷினில் இந்தக் குறைவு காபித் தண்ணீருக்கும் போய்ச் சேரும். அழுத்த சுவிட்சை 1.4 பக்கம் ஏற்றினால் சரியாகும். வெறும் குரூப்பைத் திறந்து பார்த்தால் 93 டிகிரித் தண்ணீர் சீறிக் கொதித்துக்கொண்டு விழும். பயப்பட வேண்டாம், தூளும் அழுத்தமும் இருக்கும்போது அது கொதிக்காது.

கல்யாண வீட்டில் தரும் 'எஸ்பிரஸோ காபி' இதே மெஷினில் போடுவதா?

இல்லை. ரிசப்ஷனில் வரிசை கட்டி நிற்கும் அந்தக் கப்பில் இருப்பது இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால், மேலே தூவிய சாக்லேட் பொடி. அந்த மெஷின் ஒரு நீராவிப் பாய்லரும் ஒரு குழாயும் மட்டும். பம்ப், குரூப் எதுவும் கிடையாது. கடை மெஷினில் பால் அடிக்கும் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நுரைக்கு ஏங்கி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ருசி வேறு.

செம்பு, பித்தளை, ஸ்டீல்: எது சிறந்தது?

செம்பு சூட்டை வேகமாகக் கடத்தும், பற்றவைக்கச் சுலபம். பழைய பாய்லர்கள் பெரும்பாலும் அதுதான். பித்தளை குரூப்புக்கு: வார்க்கலாம், கடையலாம், சூட்டைப் பிடித்து வைக்கும். இன்று ஈயம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளால் பாய்லர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும், குரூப்கள் ஈயம் குறைந்த பித்தளைக்கோ ஸ்டீலுக்கோ மாறி வருகின்றன.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

இரண்டு குரூப் மெஷின் பொதுவாக 3 முதல் 4.5 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண பிளக் பாயின்ட் தாங்காது, தனி எம்சிபியிலிருந்து நேர் வயர் போட வேண்டும். மூன்று குரூப் என்றால் த்ரீ ஃபேஸ் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். கனமான பித்தளை முப்பது ஆண்டு உழைக்கும். ஆனால் விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும் மெஷினைப் பார்க்கப் போகாதீர்கள். குளிர்ந்த நிலையில் இருக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னால் ஆன் செய்யுங்கள். காற்று வால்வு சீறி மூடுகிறதா, தண்ணீர் மட்டம் கண்ணாடியில் சரியான கோட்டில் நிற்கிறதா என்று கவனியுங்கள். நன்றாகச் சூடான பிறகு பெரிய ஜாடியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து மூன்று தடவை தொடர்ந்து நீராவி விடுங்கள். முள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். மந்தமாகத் திரும்பினால் காயிலில் உப்பு. குருட்டுக் கூடையைப் போட்டு பம்பை ஓட்டினால் முள் 9-இல் அசையாமல் நிற்க வேண்டும், நிறுத்தியதும் 'புஸ்' கேட்க வேண்டும். குரூப்பின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் அது வெறும் கேஸ்கெட் (ரப்பர் வளையம்). சில நூறு ரூபாய் வேலை, விலை பேச உதவும். கடைசியாக, பாய்லரின் வடிகுழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடியுங்கள். வெள்ளைத் துகள் வந்தால் உப்பெடுக்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலப் பச்சை நிறம் தெரிந்தால் செம்பு கரைகிறது. அந்த மெஷினை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.